கீழ்வீடு

நாடா ஓடத் தொடங்கிவிட்டது, இனி நிறுத்த முடியாது, தும்மல் வந்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டியதுதான் என்று நகுலா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்ன கையோடு மூக்கு அரித்தது. முப்பத்திரண்டு நிமிடம். மத்தியானம் இரண்டு பத்துக்குத் தொடங்கியது, இரண்டு நாற்பத்திரண்டுக்கு முடியும், அதற்குள் மின்சாரம் போகக் கூடாது, நாடா அறக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாக நாடாவைத் தொட்டு வாசிக்கிற இயந்திரத்தின் அந்தச் சின்னத் தலையில் மண்ணிறப் பசை ஒட்டக் கூடாது. ஒட்டினால் போச்சு. நாற்பத்தேழு வருடம் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள், ஒரு கட்டிலுக்கடியில் கிடந்து ஈரம் குடித்த நாடா இது. அப்படியே ஓடவிட்டால் மேல்பூச்சு பிசுபிசுத்து உரிந்து வந்துவிடும், பூச்சோடு பாட்டும் வந்துவிடும். அதற்கு ஒரே வைத்தியம் மெல்லிய சூட்டில் எட்டு மணிநேரம் காயவைப்பது. காயவைக்கிற பெட்டியும் ஒலிநாடாவுக்கென்று செய்ததல்ல, அப்பிள் துண்டும் வாழைப்பழத் துண்டும் வற்றலாக்குவதற்குக் கடையில் விற்கிற சாமான். போன கோடையில் நகுலா அதில் மோர்மிளகாய் போட்டிருந்தாள். எத்தனை தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் நேற்று நாடாவை வெளியே எடுத்தபோது லேசாக மிளகாய் மணந்தது. எஸ்தோனியருடைய எண்பது வருடத் துயரத்துக்குத் தாளிதம் போட்ட முதல் தமிழச்சி நான்தான் என்று நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் பயம், மூச்சுப் பட்டு நாடா அசைந்துவிடுமோ என்று. காயவைத்த நாடா ஒருமுறை ஓடும், இரண்டாம் முறைக்கு உத்தரவாதம் இல்லை என்று ஒட்டாவாவில் இருக்கும் நாடா வைத்தியர் ஒருவர் எழுதியிருந்தார். நடுவில் நிறுத்தினால் நின்ற இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும் என்றும் எழுதியிருந்தார், அதற்குக் கீழே இரண்டு கோடு வேறு போட்டிருந்தார்.

ரொறன்ரோவில் எஸ்தோனியர் சங்கக் கட்டடத்தின் பேஸ்மென்ட் அது. யன்னல் இல்லை, ஒரு மேசை, ஒரு கதிரை, சுவர் முழுக்கப் பெட்டி. மேலே கோப்பிக் கடையில் மைமு ரௌட்சிக் உட்கார்ந்திருந்தார். எண்பது வயது. கீழே வரமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "முடிஞ்சாப்பிறகு கூப்பிடு பிள்ளை. அது கிழிஞ்சு போறதை என்னாலை நிண்டு பாக்கேலாது." மைமு பேசியது ஆங்கிலம்தான், நகுலா பேசுவதும் ஆங்கிலம்தான், இரண்டு பேருக்கும் அது வந்த இடத்தில் கைக்கு அகப்பட்ட பாஷை, ஆனால் மைமுவின் பேச்சு நகுலாவின் காதுக்குள் நுழைந்ததும் எப்படியோ யாழ்ப்பாணத் தமிழாகிவிடும், அந்த மாயம் அவளுக்கே விளங்கினதில்லை. அப்படி இழுத்து இழுத்து, கேள்வியையும் முறைப்பாட்டையும் ஒரே மூச்சில் சொல்லுகிற மனுசி வேறு எந்தப் பாஷையில்தான் பேச முடியும். நாடாவில் இருப்பவர் மைமுவின் தகப்பன், வில்லெம். போர்க்காலத்தில் கைக்குழந்தையோடு படகேறி சுவீடனுக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்து, யன்னல் சட்டம் செய்கிற ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். ஆலையில் மிஞ்சிய பைன் பலகையில் தானே ஒரு கன்னெல் செய்துகொண்டார், மடியில் வைத்து விரலால் மீட்டுகிற கம்பி வாத்தியம். அதில் அவர் வாசித்த ஒரு மெட்டு வேறு எவருக்கும் தெரியாது, எஸ்தோனியாவில் அவர் பிறந்த தீவில் இருந்து வந்த வாசிப்புக்காரர் அவர் ஒருவர்தான். அவர் போனபிறகு யாரோ ஒருவர் ஒரு வாரத்துக்கு நாடாவை இரவல் வாங்கி, கசெற்றில் பிரதி எடுத்து, கசெற்றைக் கேட்டு ஒரு பாடகர்குழு ஆசிரியர் சுரம் எழுதி, சுரத்தைப் பார்த்துப் பிள்ளைகள் பழகி, இன்றைக்கு அது இந்த ஊர் எஸ்தோனியரின் சாவீட்டுப் பாட்டு. மெதுவாக, கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு பெருமூச்சு விடுகிற அளவு இடம்விட்டு வாசிப்பார்கள். மைமுவின் கணவருடைய சவப்பெட்டியை இறக்கியபோதும் அதையே வாசித்தார்கள். வருகிற சனிக்கிழமை நாற்பது பேர் ஒன்றாக மேடையில் வாசிக்கப் போகிறார்கள், அதைப் பதிவுசெய்து ஊருக்கும் அனுப்பப் போகிறார்கள், அங்கே பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுக்கக் கேட்டிருக்கிறார்களாம். அதுவரைக்கும் நல்லதுதான். இரண்டு மாதத்துக்கு முன் ஒத்திகையில் மைமு எழும்பி நின்று, "அப்பா இப்பிடி வாசிக்கிறேல்லை. இது அழுற பாட்டில்லை. இது ஆடுறது" என்று சொல்லியிருக்கிறார். ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. அதுதான் கேவலம். தோளில் தட்டி, ஓம் ஓம் என்று கதிரையில் இருத்திவிட்டார்கள். மருமகள் ஹெல்யே, சங்கத்துக்கு ஒலி வேலை பார்க்கிற நகுலாவைத் தனியே கூப்பிட்டு, மாமிக்கு ஞாபகம் பிசகுகிறது, டொக்டர் சொல்லிவிட்டார், அடுப்பை அணைக்க மறக்கிறா, நீங்கள் ஒன்றும் பெரிதாக எடுக்க வேண்டாம் என்றாள். அதற்கு மறுநாள்தான் மைமு பிஸ்கட் தகரத்தோடு வந்தார். "நீ கேட்டுச் சொல்லு. நான் சொல்லுறது பிழையெண்டால் பிழையெண்டு என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லு. எனக்கு அது தெரியவேணும்." நகுலா தகரத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். ஓம் அன்ரி என்று மட்டும் சொன்னாள்.

முதல் மெட்டு போய்விட்டது, இரண்டாவது ஓடுகிறது, ஒரு பசை இல்லை, ஒரு பிசிறில்லை, மோர்மிளகாய் வாழ்க. ஹெட்ஃபோனில் கம்பிகள் அவ்வளவு தெளிவாக விழுந்தன, மனிதன் விரலை எடுக்கிற சத்தம்கூடக் கேட்டது. இதற்குத்தான் நகுலாவைக் கூப்பிடுகிறார்கள், சும்மாவா. அவளுடைய அப்பாவுக்குக் கொக்குவிலில் சவுண்ட் சேர்விஸ் கடை இருந்தது, கோயில் திருவிழாவில் கோபுரக் குழாய் கட்டுகிற வேலை, ஊரே கரகரத்துக் கிடந்தபோதும் அப்பாவின் குழாய் மட்டும் மணிமணியாகப் பேசும். இங்கே வந்தபிறகு ஸ்காபரோவில் ஒரு தமிழ் வானொலியில் பதினேழு வருடம். மரண அறிவித்தல், நகைக்கடை விளம்பரம், நேயர் விருப்பம், எது போனாலும் சத்தம் சுத்தமாகப் போகவேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். பேஸ்மென்ட்டில் இருந்து பேசுகிற அறிவிப்பாளரின் பின்னால் ஃபர்னஸ் உறுமும், வீதியில் லொறி போகும், யாரோ மேசையை முழங்காலால் இடிப்பார்கள், அடியில் கிடக்கிற இந்த உறுமலை எல்லாம் ஒரேயடியாக வெட்டிவிட ஒலிமேசையில் ஒரு சின்னக் கறுப்புச் சுவிட்ச் இருக்கும். எந்தப் பதிவைத் தொடங்கினாலும் அவளுடைய இடதுகைப் பெருவிரல் முதலில் அதைத்தான் அமத்தும். சாமி கும்பிடப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதுபோல, யோசித்துச் செய்கிற காரியம் அல்ல. நகுலா அக்கா தொட்டால் சத்தம் குளித்துவிட்டு வரும் என்று வானொலியில் பொடியள் பகிடி பண்ணுவார்கள். அந்தப் பகிடியை அவள் கணவனிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பாள், வெட்கமில்லாமல். இந்த நாடாவின் பெட்டியிலும் மைமு ஒரு துண்டு எழுதி வைத்திருந்தார், வீடு ட்ராம் ஓடுகிற வீதியில், ஆகவே திடும் திடும் என்று கேட்கும், மன்னிக்கவும் என்று. மன்னிப்பு எதற்கு அன்ரி, ட்ராமை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நகுலா அதை வாசித்துவிட்டு நினைத்தாள். இரண்டாவது மெட்டு முடிந்தது. நாடாவில் ஒரு கதிரை கிறீச்சிட்டது. யாரோ கோப்பையைத் தட்டில் வைத்தார்கள். நாற்பத்தேழு வருடத்துக்கு முந்திய கோப்பை.

மூன்றாவது. பெட்டியில் மூன்றாவதாக எழுதியிருந்தது அதுதான், மைமுவின் மெட்டு. நகுலா ஹெட்ஃபோனைக் காதோடு அமத்திக்கொண்டாள். முதல் கம்பி, பிறகு இரண்டு, பிறகு ஒரு நீண்ட இடம், பிறகு ஒன்று. அவளுக்கு அது மனப்பாடம், சங்கத்தில் மூன்று சாவீட்டுக்கு ஒலிபெருக்கி பிடித்திருக்கிறாள். அதே மெட்டு. அதே இடைவெளி, அதே பெருமூச்சு. சரியாக அவர்கள் வாசிக்கிற மாதிரித்தான் இருந்தது, கொஞ்சம் வேகம் கூட, அவ்வளவுதான், மனிதர் தனியாக வாசிக்கும்போது கொஞ்சம் ஓடுவது சகஜம். ஐயோ என்றது மனம். அப்ப ஹெல்யே சொன்னது சரி, டொக்டர் சொன்னதும் சரி, தோளில் தட்டினவர்கள் எல்லாரும் சரி, மேலே கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஆறவிட்டிருக்கிற அந்த ஒரு மனுசி மட்டும் பிழை. என்னண்டு சொல்வது. அன்ரி, நாடா நல்லாய் வந்திருக்கு, ஆனால்... ஆனால் என்ற சொல்லை எடுத்தாலே மைமுவுக்கு விளங்கிவிடும். அன்ரி, அப்பா அண்டைக்குக் கொஞ்சம் களைச்சுப்போய் வாசிச்சிருக்கலாம். அது பொய். பொய்யை முகத்துக்கு நேரே சொல்லக் கேட்கவில்லை மைமு. நாடா கிழிஞ்சு போச்செண்டு சொன்னால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது, அதுவும் தன்னுடைய மனத்தில்தான் வந்தது என்று அவளுக்கே நம்ப முடியவில்லை, பதினேழு வருடம் சத்தத்தைக் காப்பாற்றினவளுக்கு வருகிற நினைப்பா அது. மூக்கு மறுபடி அரித்தது. அவள் கண்ணை நாடாவில் இருந்து எடுத்து இயந்திரத்தின் முகத்தைப் பார்த்தாள், வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல்.

அங்கே ஊசி துள்ளிக்கொண்டிருந்தது. இயந்திரத்தின் முகத்தில் இரண்டு சின்னக் கண்ணாடிக்குள் இரண்டு ஊசி, சத்தம் எவ்வளவு என்று காட்டுவது. கம்பி விழும்போது அது ஆடவேண்டும், சரி, ஆடியது. ஆனால் கம்பி விழாதபோதும் ஆடியது. அந்த நீண்ட இடைவெளியில், ஹெட்ஃபோனில் ஒன்றுமே இல்லாத இடத்தில், ஊசி எழும்பி விழுந்தது. மறுபடி எழும்பி விழுந்தது. பசை. நாடா ஒட்டி ஒட்டி விடுபடுகிறது, அதுதான் ஊசி குதிக்கிறது, இன்னும் ஒரு நிமிடத்தில் கீச்சென்று கத்தி அறுந்துவிடும். குனிந்து இயந்திரத்தின் தலையைப் பார்த்தாள். பளபளவென்று சுத்தமாக இருந்தது. நாடா கொடியில் போட்ட சீலைபோல ஒழுங்காக ஓடியது. அப்ப என்ன. ட்ராம். மைமு எழுதின ட்ராம். ஆனால் ட்ராம் வந்தால் ஒருதரம் வந்து போகும், இப்படி நின்று குதிக்காது. ஒன்று பெரிதாக, இரண்டு சின்னதாக. ஒன்று பெரிதாக, இரண்டு சின்னதாக. எந்த ஊரில் ட்ராம் மூன்று மூன்றாகப் போகிறது. தகிட. தகிட. வாய் தானாகச் சொன்னது, சத்தமில்லாமல், உதட்டுக்குள். தகிட தகிட, ஆரபி, மெல்ல. மெல்ல ஆரபி, கீழ்வீட்டு மனுசன் தட்டப் போறார். ஐந்தாம் மாடியில் இருந்தார்கள் அப்போது, நாலாம் மாடியில் பெரெய்ரா என்று ஒருவர், மகள் ஆரபி தட்டடவு தொடங்கினால் ஐந்தாவது நிமிடம் வீடு கூட்டுகிற தும்புத்தடியால் தன் கூரையை இடிப்பார். ஒருநாள் மனேஜரிடம் கடிதம் கொடுத்துவிட்டார். நகுலா என்ன செய்தாள். மெத்தையை இழுத்து ஹோலில் போட்டாள். மகளை மெத்தைமேல் ஏற்றிவிட்டு, இதிலை ஆடு, கால் படவேணும் சத்தம் வரக் கூடாது என்றாள். எட்டு வயதுப் பிள்ளை மூன்று வருடம் மெத்தையில் ஆடினது. வகுப்பில் ரீச்சர், இந்தப் பிள்ளைக்குக் கால் எழும்புது, விழுகுதில்லை என்று சொன்னார். பதினொரு வயதில் ஆரபி சலங்கையைப் பெட்டிக்குள் போட்டுவிட்டாள், அம்மா, நான் ஆடுறது எனக்கே கேட்குதில்லை என்றாள். அன்றைக்கு அதைக் குழந்தைப் பேச்சென்று விட்டுவிட்டு நகுலா கூட்டிப் பெருக்கப் போனாள். மெத்தையை அறைக்குள் இழுத்ததும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது, பாரம் குறைந்தமாதிரி இருந்ததும் ஞாபகம் இருக்கிறது.

கால். அது கால். கிழவன் காலால் அடிக்கிறான். கதிரையில் இருந்துகொண்டு, மடியில் கன்னெல், கீழே சமையலறை மரத்தரை, அதில் சப்பாத்துக் குதி, தகிட தகிட என்று போட்டு வாங்குகிறான், அந்த இடைவெளி இடைவெளியே இல்லை, பெருமூச்சும் இல்லை, காலுக்கு விட்ட இடம். கம்பி கேள்வி கேட்கக் கால் பதில் சொல்கிறது. பதிலை யாரோ வெட்டிவிட்டான், கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு இந்த ஊர் முப்பத்தைந்து வருடம் அழுதிருக்கிறது. கசெற்றுக்கு மாற்றினவன் என்னைப்போல ஒரு சுத்தக்காரனாக இருந்திருப்பான், ட்ராமை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்திருப்பான். என்னைப்போல. என்னைப்போல என்றதும் அவளுடைய கண் இயந்திரத்துக்கும் கொம்பியூட்டருக்கும் நடுவில் இருந்த ஒலிமேசைக்குப் போயிற்று, போகும்போதே தெரிந்துவிட்டது. கறுப்புச் சுவிட்ச் அமத்திக் கிடந்தது. அவள்தான் அமத்தினாள். பெருவிரல் அமத்தினது, அவள் பார்க்கவில்லை. இயந்திரம் கேட்கிறது, அதனால்தான் ஊசி துள்ளுகிறது. நான் கேட்கவில்லை, கொம்பியூட்டர் கேட்கவில்லை, முதல் இரண்டு மெட்டும் கால் வெட்டுப்பட்டுப் போய் விழுந்துவிட்டது, மூன்றாவது ஒன்றரை நிமிடம் போய்விட்டது, நிறுத்த முடியாது, திருப்பி ஓட்ட உத்தரவாதமில்லை. மடைச்சி. பதினேழு வருட மடைச்சி. சுவிட்சை விட்டால் நடுவில் டக் என்று ஒரு சத்தம் பதிவில் விழும், மாறாத தழும்பாகக் கிடக்கும், கேட்கிற எவனும் எந்த வேலை தெரியாதவள் செய்தது இது என்று கேட்பான். கேட்கட்டும். அவள் பெருவிரலை வைத்து அமத்தி விட்டாள். டக். அடுத்த கணம் காதுக்குள் தரை வந்தது. திடும், டும் டும். திடும், டும் டும். மரம் அதிர்ந்தது, கோப்பைகள் தட்டில் கிணுங்கின, அந்த மெலிந்த கம்பிகள் எல்லாம் காலின்மேல் ஏறிநின்று குதித்தன, அதே மெட்டு, ஒரு சுரம் மாறவில்லை, ஆனால் அழுகையைக் காணோம். நகுலா வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணால் தண்ணீர் ஓடியது, சிரித்துக்கொண்டிருந்தாள். மைமு, மைமு, மைமு என்று மனம் கூவியது. நீங்கள் சரி அன்ரி, நீங்கள் ஒருவர்தான் சரி, டொக்டரைக் கூப்பிடுங்கோ, பாடகர்குழு ஆசிரியரைக் கூப்பிடுங்கோ, எல்லாரும் வரிசையில் வந்து நிண்டு கேளுங்கோ.

மெட்டு நாலாம் சுற்று வந்தது, ஐந்தாம் சுற்று வந்தது. இந்த வாசிப்புக்காரர்களிடம் ஒரு நல்ல பழக்கம், ஒன்றையே திரும்பத் திரும்ப வாசிப்பார்கள், ஆடுகிறவன் களைக்கிறவரைக்கும் நிறுத்தமாட்டார்கள், அந்தப் பழக்கம்தான் இன்று அவளைக் காப்பாற்றியது. ஒரு சுற்று ஊமையாகப் போனாலும் மிச்சச் சுற்றெல்லாம் காலோடு கிடைக்கும். இவள் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏழாம் சுற்றில் புதிதாக ஒரு சத்தம் வந்தது. இடி. மூன்று இடி. அடியில் இருந்து, காலுக்கும் கீழே இருந்து, கோபமாக. நகுலாவுக்கு அது என்னவென்று விளங்க அரை விநாடிகூடப் பிடிக்கவில்லை, இந்த உலகத்தில் அந்தச் சத்தத்தை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் எவர். தும்புத்தடி. கூரையில் தும்புத்தடி. பெரெய்ரா, நீங்கள் இங்கேயுமா. கிழவன் நிறுத்துவான் என்று நினைத்தாள், அவள் என்றால் நிறுத்தியிருப்பாள், மெத்தையைத் தேடியிருப்பாள். கிழவன் நிறுத்தவில்லை. கால் ஒருபடி ஓங்கிப் போட்டது, திடும், கீழே தும்புத்தடி இடித்தது, டும் டும் என்று கால் அதை வாங்கியது, அடுத்த சுற்றில் கீழ்வீடே தாளத்துக்கு வந்துவிட்டது, சண்டைக்கு இடிக்கிற இடியாயிருந்தாலும் மூன்றில் முதலாவதில் கரெக்டாக விழுந்தது. மெட்டு முடிந்தது. வில்லெம் மூச்சு வாங்க ஏதோ எஸ்தோனிய மொழியில் சொன்னான், யாரோ ஒரு பெண் இளமையான குரலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு இன்னும் இரண்டு மெட்டு, காலோடு, முழுசாக. நகுலாவுக்கு நேரம் போனது தெரியவில்லை, பயப்படவும் மறந்துபோனாள். நாடாவின் வால் சக்கரத்தில் இருந்து விடுபட்டுப் பட் பட் என்று அடித்தபோதுதான் இரண்டு நாற்பத்திரண்டு என்று கண்டாள். இயந்திரத்தின் தலையில் மண்ணிறத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பசை படிந்திருந்தது. இனி ஓடாது. ஓடவேண்டிய தேவையும் இல்லை.

மைமு சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார், கைப்பையைப் பிள்ளையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு வைத்திருந்தார். "கிழிஞ்சு போச்சோ?" "இல்லை அன்ரி, கடைசிவரைக்கும் வந்திட்டுது. ஆனா நான் ஒரு பெரிய பிழை விட்டிட்டன்" என்று நகுலா தொடங்கி, சுவிட்சையும் பெருவிரலையும் காட்டி, முதல் இரண்டு மெட்டும் போனதைச் சொல்லி, எல்லாவற்றையும் ஒப்புவித்தாள். மைமு அதில் ஒன்றையும் கேட்டமாதிரித் தெரியவில்லை. கதிரையின் நுனியில் இருந்து, "போடு" என்றார். கொம்பியூட்டரில் விழுந்ததை நகுலா மூன்றாவதில் இருந்து போட்டாள், ஸ்பீக்கரில். முதல் சுற்று, கால் இல்லாமல். கேட்கக் கேட்க மைமுவின் முகம் சின்னதாகிக்கொண்டு வந்தது. "இது அவையள் வாசிக்கிறதுதான்" என்றார். கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தார். "அப்ப ஹெல்யே சொல்லுறது சரி. நல்லது. தெரிஞ்சுகொண்டது நல்லது." "பொறுங்கோ அன்ரி." "சரி பிள்ளை, போதும், நிப்பாட்டு." "அன்ரி, ஒரு நிமிசம் பொறுங்கோ, என்னைக் கும்பிட்டுக் கேக்க வையாதேங்கோ!" டக் என்றது. தரை வந்தது. மைமு அசையவில்லை. கண் மட்டும் மெதுவாக ஸ்பீக்கருக்குத் திரும்பியது, யாரோ கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவரைப் பார்ப்பதுபோல. "நான் மறக்கேல்லை" என்றார். கொஞ்சம் கழித்து மறுபடி, உரத்து, சண்டைக்கு நிற்பவர்போல, "நான் மறக்கேல்லை!" தும்புத்தடி இடித்த இடம் வந்ததும் கைப்பை கீழே விழச் சிரித்தார், நாடாவில் சிரித்த அதே சிரிப்பு, கொஞ்சம் கரகரத்திருந்தது. "கீழ்வீட்டு ஐரிஷ்காரி! ஞாயிற்றுக்கிழமை அவ கோயிலுக்குப் போற நேரம் பாத்துத்தான் அப்பா பதிவு செய்ய வெளிக்கிட்டவர். அண்டைக்கு மனுசி வெள்ளனத் திரும்பிட்டா. மற்ற நாளிலை கம்பளியை நாலாய் மடிச்சுக் காலுக்குக் கீழை போட்டுத்தான் வாசிப்பார், சங்கத்தாக்கள் வந்தாலும் அப்பிடித்தான், சனம் கேட்டதெல்லாம் கம்பளி வாசிப்பு." "முடிவிலை ஏதோ சொல்லுறாரே, என்ன அது?" "மனுசிக்கும் தாளம் பிடிபட்டிட்டுது எண்டுறார்." இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்கள். "அந்த டக்கை எடுத்துத் துப்புரவாக்கித் தாறன் அன்ரி" என்றாள் நகுலா. "தொடாதை. அது இருக்கவேணும். முதல் என்னத்தைக் கேட்டவை, பிறகு என்னத்தைக் கேட்டவை எண்டு எல்லாருக்கும் தெரியட்டும்." "சனிக்கிழமைக்கு நாலு நாள்தானே இருக்கு. நாப்பது பேரும் பழகுவினமோ?" "நாப்பது பேருக்கும் சப்பாத்து இருக்குத்தானே" என்றார் மைமு. "இன்னொருக்காப் போடு."

நகுலா மறுபடி போட்டாள், இந்தத் தரம் டக்குக்குப் பிறகு இருந்து. மைமு கதிரையில் நிமிர்ந்து இருந்து, வலது காலைத் தூக்கினார். தூக்கியவர் போடவில்லை. கால் அந்தரத்தில் நின்றது, தடித்த கறுப்புச் சப்பாத்து, அதன் குதி தேய்ந்திருந்தது. "கீழை ஆர் இருக்கினம்?" என்று கேட்டார். நகுலா அவரைத் திரும்பிப் பார்த்தாள். பேஸ்மென்ட் இது, இப்போதுதானே படியால் இறங்கி வந்தார், சுவரைப் பிடித்துப் பிடித்து. டொக்டர் சொன்னது. அடுப்பு. எல்லாச் சந்தோசமும் ஒரு நொடியில் வடிந்து போகப் பார்த்தது. பிறகு அவள் அந்தக் காலைப் பார்த்தாள். போடுவதற்கு முன் கேட்கிற கால். இந்த நாட்டில் எந்த வீட்டுக்குள் போனாலும், சாமானை இறக்கமுன்னம், பிள்ளையை இறக்கிவிடமுன்னம், அவளும் முதலில் கேட்ட கேள்வி அதுதான், ஒருதரம்கூடக் கேட்காமல் விட்டதில்லை. ஞாபகம் பிசகின ஒருவர் கேட்கக் கூடிய கேள்வியே அல்ல அது. "ஒருத்தருமில்லை அன்ரி" என்றாள். "கீழை மண்தான்."

"மண்தானோ?" என்று கேட்டுவிட்டு மைமு காலைப் போட்டார்.